டிஸ்கஸ் தொட்டிக்கு முதல் செலவு: ஏ.பி.ஐ ஃப்ரெஷ்வாட்டர் மாஸ்டர் டெஸ்ட் கிட்

டிஸ்கஸ் (வட்டத் தட்டு போன்ற வண்ண மீன்) வளர்க்கலாம் என்று இருக்கிறேன், என்ன வாங்குவது என்று கேட்பவர்களிடம் எல்லாம் நான் முதலில் சொல்வது இந்த டெஸ்ட் கிட்டைத்தான். மீன் கடைசி. தொட்டி, ஹீட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர் எல்லாம் வாங்கிவிட்டு இதை மட்டும் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிவைப்பவர்கள் நிறைய பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெட்டிக்குள் ஏழு சொட்டு மருந்து பாட்டில், மூடியோடு நான்கு கண்ணாடிக் குழாய், ஒரு வண்ண அட்டை இருக்கும். பி.ஹெச், உயர் பி.ஹெச், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் என ஐந்து சோதனைகள். எல்லாம் சேர்த்து 800 முறை சோதிக்கலாம் என்கிறது கம்பெனி.

கப்பிக்கோ மோலிக்கோ இது இல்லாமலும் ஓட்டிவிடலாம், டிஸ்கஸுக்கு ஏன் முடியாது என்றால் காரணம் சூடு. டிஸ்கஸ் தொட்டி 28 முதல் 30 டிகிரியில் இருக்க வேண்டும். தண்ணீரில் உள்ள அம்மோனியா முழுவதும் மீனுக்கு ஒரே அளவு விஷம் இல்லை, அதில் எவ்வளவு பங்கு விஷ வடிவத்தில் இருக்கும் என்பதைச் சூடும் பி.ஹெச்சும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. 30 டிகிரியில் பி.ஹெச் 7 என்றால் அந்தப் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு, அதே சூட்டில் பி.ஹெச் 8 ஆகிவிட்டால் ஏழு சதவீதத்தைத் தாண்டிவிடும். அதாவது கிட்டில் ஒரே பச்சை நிறம் காட்டினாலும் ஒரு தொட்டியில் மீன் தாங்கும், இன்னொன்றில் கறுத்துப்போய் மூலையில் ஒதுங்கி நிற்கும். சென்னையில் பி.ஹெச் ஏறியிருக்கக்கூடிய போர் தண்ணீர் ஊற்றுபவர்களுக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம். அம்மோனியாவையும் பி.ஹெச்சையும் ஒரே நேரத்தில் பார்க்க முடிவதுதான் இந்தக் கிட்டை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம். கடைகளில் கிடைக்கும் பேப்பர் ஸ்ட்ரிப்கள் பலவற்றில் அம்மோனியா சோதனையே கிடையாது, புதுத் தொட்டிக்கு அதுதானே வேண்டும்.

தொட்டியைத் தொடுவதற்கு முன் குழாய்த் தண்ணீரையே சோதித்துப் பாருங்கள். மெட்ரோ வாட்டர், லாரி தண்ணீர், போர் எதுவாக இருந்தாலும் ஒரு பாட்டிலில் பிடித்து ஐந்து சோதனையும் போட்டுவிடுங்கள். போர் தண்ணீரிலேயே நைட்ரேட் இருக்க வாய்ப்பு உண்டு. நம் நாட்டுக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை நைட்ரேட்டை அனுமதிக்கிறது, டிஸ்கஸ் வளர்ப்பவர்களோ 20க்குக் கீழே வைக்கப் பார்க்கிறோம். குழாயிலேயே 40 வந்தால் எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் குறையப்போவதில்லை, ஆர்.ஓ தண்ணீர் கலந்தே ஆக வேண்டும். இது முதல் நாளே தெரிந்துவிட்டால் எவ்வளவு அலைச்சல் மிச்சம்!

அடுத்து தொட்டியைப் பழக்குவது, அதாவது அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை ஃபில்டரில் வளர்ப்பது. மணல் போடாத வெறுந்தொட்டி, இரண்டு பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஹைப்போ போட்டுக் குளோரின் நீக்கிய தண்ணீர், இவ்வளவு போதும். மீன் இல்லாமலே அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சிறிது சிறிதாக விட்டு, கிட்டில் 2 பி.பி.எம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) காட்டும்வரை கொண்டுவர வேண்டும். சில நாள் எதுவும் நடக்காது. பிறகு அம்மோனியா குறையும், நைட்ரைட் ஏறிச் சோதனைக் குழாய் ஊதா நிறமாகும், அது பல நாள் அப்படியே நிற்கும். பொறுமை போவது இந்தக் கட்டத்தில்தான். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும், கடைக்காரரும் "மீன் விடலாம் சார்" என்பார், ஆனால் குழாயில் ஊதா இருக்கும்வரை விடவே கூடாது. நைட்ரைட் ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதையே தடுத்துவிடும், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கனவே குறைவு. மொத்தத்தில் நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால், அந்தத் தொட்டியில் நோய் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்கிப் போடுங்கள், சீக்கிரம் முடியும். 2 பி.பி.எம் அம்மோனியா விட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்ஜியம் காட்டினால் தொட்டி தயார். ஒரு பெரிய தண்ணீர் மாற்றம் செய்துவிட்டு மீன் வாங்க, சென்னையின் வண்ண மீன் சந்தையான கொளத்தூருக்குக் கிளம்பலாம்.

சோதனை செய்யும் முறையில் கவனம் வேண்டும். அம்மோனியாவுக்கு 5 மி.லி. தண்ணீரில் இரண்டு பாட்டிலிலும் எட்டெட்டுச் சொட்டு, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பாட்டிலை நேர் செங்குத்தாகக் கவிழ்த்துப் பிடித்தால்தான் சொட்டுகள் ஒரே அளவில் விழும். நைட்ரேட்டின் இரண்டாம் பாட்டில்தான் படுத்தும். அதில் மருந்து அடியில் படிந்துவிடும், 30 விநாடி நன்றாகக் குலுக்க வேண்டும், சொட்டு விட்ட பிறகு குழாயையும் ஒரு நிமிடம் குலுக்க வேண்டும். சோம்பல்பட்டால் நைட்ரேட் குறைவாகக் காட்டி நம்மை நிம்மதியாகத் தூங்க வைத்துவிடும். இன்னொன்று, நைட்ரைட் உச்சத்தில் இருக்கும்போது நைட்ரேட் எண்ணை நம்ப வேண்டாம், நைட்ரைட்டும் அந்த நிறத்தில் சேர்ந்துகொள்ளும். அம்மோனியாவைக் கட்டிப்போடும் கண்டிஷனர் ஊற்றியிருந்தால் கட்டுண்ட அம்மோனியாவையும் சேர்த்தே கிட் காட்டும், அதைப் பார்த்துப் பதறி இன்னும் மருந்து ஊற்றாதீர்கள்.

குறைகளும் உண்டு. பெரிய குறை, கே.ஹெச் (பி.ஹெச் சரியாமல் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் அளவு) சோதனை இதில் இல்லை, தனியாக வாங்க வேண்டும். டிஸ்கஸ் மென்மையான தண்ணீரை விரும்பும் என்று கேள்விப்பட்டு முதல் நாளே முழுக்க ஆர்.ஓ தண்ணீர் நிரப்புகிறார்கள். பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது தண்ணீரின் காரத்தன்மையைச் செலவழிக்கும். கே.ஹெச் தீர்ந்தால் பி.ஹெச் சரியும், 6க்குக் கீழே போனால் பாக்டீரியாவின் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். வாரக்கணக்கில் அம்மோனியா அசையாமல் இருக்கிறது என்று புலம்பும் பல தொட்டிகளில் காரணம் இதுதான். பழக்கும் காலத்தில் சாதாரணத் தண்ணீரே இருக்கட்டும், பாக்டீரியா நிலைபெற்ற பிறகு ஆர்.ஓ பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். டி.டி.எஸ் மீட்டர் இருக்கிறதே என்றால், அது கரைந்த உப்பு மொத்தத்தைத்தான் சொல்லும், கே.ஹெச்சைச் சொல்லாது.

இரண்டாவது குறை, பி.ஹெச் அளவு 6.0இல் முடிகிறது. 5.2 ஆக இருந்தாலும் அதே மஞ்சள்தான். பண்ணை மீனுக்கு இது பிரச்சினை இல்லை, கொளத்தூர் பக்கம் வளர்ந்த டிஸ்கஸ் 6.5 முதல் 7.5 வரை நன்றாகவே இருக்கும். அமேசான் பகுதியின் ரியோ நீக்ரோ ஆற்றிலிருந்து பிடித்து வரும் ஹெக்கல் வகை டிஸ்கஸ் வைக்க நினைப்பவர்கள் பி.ஹெச் பேனா மீட்டர் ஒன்றைத் தனியாக வாங்கத்தான் வேண்டும். அப்புறம், அம்மோனியாவில் 0க்கும் 0.25க்கும் நிற வேறுபாடு மெல்லியது, மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் கண்டுபிடிக்கவே முடியாது. பகலில், ஜன்னல் பக்கம், அட்டையின் வெள்ளைப் பகுதியில் ஒட்டினாற்போல் வைத்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு குழாயில் ஆர்.ஓ தண்ணீருக்கும் அதே சோதனை போட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

இறக்குமதிப் பொருள் என்பதால் விலை கடைக்குக் கடை மாறுகிறது, வாங்கும்போது பாட்டிலின் தேதியைப் பார்த்து வாங்குங்கள். ஒரே தொட்டி வைத்திருப்பவருக்கு இத்தனை சோதனை மருந்து காலாவதி ஆவதற்குள் தீராது, பக்கத்தில் மீன் வளர்க்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொண்டு, மிச்சமாகும் பணத்தில் ஆளுக்கொரு கே.ஹெச் கிட் வாங்குவது நல்ல கணக்கு.