தனியாகத் தத்தெடுக்கும் பெண்ணுக்கு 'காரா' எப்படி?

கல்யாணம் ஆகாத, விவாகரத்தான, கணவரை இழந்த பெண்கள் யாரும் தத்தெடுக்கலாம். ஆணோ பெண்ணோ, எந்தக் குழந்தையும் எடுக்கலாம். (தனியாக விண்ணப்பிக்கும் ஆணுக்குத்தான் பெண் குழந்தை கிடையாது.) உறவுக்குள் எடுக்காதவர்களுக்கு முறையான வழி, எல்லாரும் 'காரா' என்று சொல்லும் மத்திய தத்துவள ஆணையத்தின் கேரிங்ஸ் இணையதளம். ஒரு சேவையாக எடைபோட்டால் பணவிஷயத்தில் சுத்தம், பதிவில் பரவாயில்லை, காத்திருப்பில் ஆளை அம்போவென்று விட்டுவிடுகிறது. அந்த இடத்தை நிரப்புவது அரசு இல்லை, ஏற்கெனவே இந்த வழியில் போன பெண்கள்தான்.

பணத்தை முதலில் முடித்துவிடுவோம். வீட்டு ஆய்வுக்கு 6,000, குழந்தை பராமரிப்பு நிதிக்கு 50,000, குழந்தை வந்தபின் 2 ஆண்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் 4 பின்தொடர் வருகைகளுக்குத் தலா 2,000. ஆக 64,000 ரூபாய். இதற்கு மேல் 'நன்கொடை' என்று யாராவது இழுத்தால் அது கட்டணப் பட்டியலில் இல்லாத காசு.

பதிவில் கவனிக்க வேண்டியது வயது. தனியாக விண்ணப்பிப்பவருக்கு 2 வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் உச்சவரம்பு 40. 2 முதல் 4 வரை 45. 4 முதல் 8 வரை 50. அதற்கு மேல் 55. குழந்தைக்கும் தாய்க்கும் குறைந்தது 25 வயது வித்தியாசம் இருக்க வேண்டும். '38தானே ஆகுது, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்பதில்தான் பலருக்குக் கைக்குழந்தை வாய்ப்பு போகிறது.

பதிந்த 30 நாளுக்குள் ஆவணங்கள் ஏற வேண்டும். நம்மூர்க்காரர்களுக்கு இங்கே ஒரு தனித் தொல்லை, இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக, பிறப்புச் சான்றில் இனிஷியலே இல்லாமல். பதியும் முன்பே மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். நாள்பட்ட, தொற்றும், உயிர்க்கொல்லி நோய் எதுவும் இல்லை என்று மருத்துவச் சான்றில் தெளிவாக இருக்கட்டும். 'ஃபிட்' என்று ஒற்றை வரி எழுதி வாங்கி வந்தால் திரும்ப அலைய வேண்டிவரும்.

அடுத்தது வீட்டு ஆய்வு. 60 நாளில் முடிய வேண்டும் என்பது விதி. வருகிற சமூகப் பணியாளர் டைல்ஸையும் டிவியையும் பார்க்க வருவதில்லை. "உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா குழந்தையை யாரும்மா பார்ப்பாங்க?" இதுதான் அவருடைய கேள்வி. உறவினர் ஒருவரின் எழுத்துமூல உறுதிமொழியும் வேண்டும். 'நான் இருக்கேன்ல' என்று வாயால் சொன்ன அண்ணன், தாளை நீட்டினால் அண்ணியைப் பார்ப்பார். அந்தப் பேச்சைப் பதிவுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். உறவைப் போலவே, ராத்திரி 2 மணிக்குக் காய்ச்சல் என்றால் பத்து நிமிஷத்தில் வந்து நிற்கும் தோழி யார் என்பதையும் பெயரோடு சொல்லத் தெரிய வேண்டும்.

பிறகு வரிசை எண். ஆரோக்கியமான கைக்குழந்தைக்கு 3 ஆண்டுக்கு மேல் காத்திருப்பு. 2024-25இல் நாடு முழுக்க நடந்த தத்து 4,515. வரிசையில் நிற்பவர்கள் அதைப் போலப் பல மடங்கு. வீட்டு ஆய்வு அறிக்கையின் ஆயுளும் 3 ஆண்டுதான், ஆகவே நடுவில் புதுப்பிக்க வேண்டிவரும். அந்தத் தேதியைத் தளம் நினைவூட்டும் என்று நம்பி உட்காராதீர்கள். ஏறத்தாழ நம்மோடு அதே மாதம் பதிந்த நாலு பேர் ஒரு வாட்ஸப் குழுவில் இருந்தால், எண் எப்படி நகர்கிறது, யாருக்கு அழைப்பு வந்தது என்பது தளத்தைவிட அங்கே தெளிவாகத் தெரியும்.

ஆனால் எல்லாக் குழுவும் குழு இல்லை. 'நேரடியா ஒரு குழந்தை இருக்கு, முத்திரைத்தாள்ல எழுதிக்கலாம்' என்று ஒருவர் எழுதி, அட்மின் அதை அழிக்காமல் விட்டால் அன்றே வெளியேறுங்கள். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 81 குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் 5 ஆண்டு வரை கடுங்காவல் வைத்திருக்கிறது. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதும் பிரிவு 74இன்படி குற்றம். ரெஃபரலில் வந்த, அதாவது உங்கள் முறை வந்ததும் தளம் காட்டும் குழந்தையின் படத்தை 'செல்லம்' என்று போட்டு ஹார்ட்டின் வாங்குகிற குழுவும் வேண்டாம்.

உண்மையில் துணை தேவைப்படுவது ரெஃபரல் வந்த 48 மணி நேரம். அதற்குள் ரிசர்வ் செய்ய வேண்டும். செய்தபின் நேரில் பார்த்து முடிவு சொல்ல 30 நாள். திரையில் ஒரு படம், குழந்தை பற்றிய அறிக்கை, மருத்துவ அறிக்கை, அவ்வளவே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தால் டாக்டர் கிடைப்பதே கஷ்டம். அதனால் அறிக்கை படிக்கத் தெரிந்த குழந்தை மருத்துவர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குறைமாதக் குழந்தையின் தலைச்சுற்றளவைப் பிறந்த தேதியை வைத்துப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். குறைமாதத்தைக் கழித்த வயதுக்குப் பார்க்க வேண்டும். ஒரு நாள் எடையைவிட மாதாமாதம் எடுத்த எடைகளின் போக்கு முக்கியம், குழந்தை இருக்கும் தத்து மையத்தில் கேட்டு வாங்குங்கள். 18 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு எச்ஐவி ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் அது பெற்றவளின் ஆன்டிபாடியாக இருக்கலாம். பிசிஆர் பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும். இதையெல்லாம் தெரிந்த ஒருத்தி போனில் இருப்பதும் இல்லாததும், குழந்தைக்கு ஆம் சொல்வதற்கும் பயத்தில் இல்லை என்பதற்கும் உள்ள தூரம்.

மையத்துக்குப் போகும்போது கண்காணிப்பாளரோடு பேசி முடித்ததும் ஆயாம்மாவிடம் உட்காருங்கள். எந்தப் பால்பவுடர், எத்தனை ஸ்பூன், எத்தனை மணிக்கு, எப்படித் தூங்கவைப்பார்கள், என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். குழந்தை படுத்திருந்த துணியைத் துவைக்காமல் வாங்கி வாருங்கள். புது வீட்டில் அதன் மூக்குக்குத் தெரிந்த வாசனை அது ஒன்றுதான். பால்பவுடரையும் முதல் இரண்டு வாரம் மாற்ற வேண்டாம். வயிறும் சேர்ந்து கெட்டால் அழுகை எதற்கென்றே புரியாது.

தோழிகள் அந்த நாட்களில் குழந்தையைத் தூக்க வராமல், சாப்பாட்டுத் தூக்கோடு வர வேண்டும். பால் கொடுப்பது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அம்மா கையாலேயே நடக்கட்டும். பாத்திரம், துணி, மருந்துக்கடை மற்றவர்களுக்கு. மாவட்ட ஆட்சியர் தத்து ஆணை தரும்வரை (2022 செப்டம்பர் முதல் நீதிமன்றம் போக வேண்டியதில்லை) குழந்தை சட்டப்படி உங்களிடம் வளர்ப்புக் காவலில்தான் இருக்கிறது, படத்தை ஸ்டேட்டஸில் வைக்கும் சித்திகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

பாஸ்போர்ட்டுக்கு 2016 இறுதியிலிருந்து பெற்றோரில் ஒருவர் பெயரே போதும். பள்ளி விண்ணப்பத்தில் மட்டும் 'தந்தை பெயர்' கட்டத்தைக் காலியாக விட்டால் சில அலுவலகங்களில் முனகுவார்கள். தத்து ஆணையின் நகல் ஒன்றைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.