வெள்ளி வாக்ஸ் ஜாக் வாங்குறதுக்கு முன்னாடி இத பாத்துக்கோங்க

லண்டன் சான்சரி லேன்ல தரைக்கு அடியில இருக்கிற சில்வர் வால்ட்ஸ்ல ஒரு கடையில வாங்கினேன், இங்கிலாந்து ராஜா மூணாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி வாக்ஸ் ஜாக், அதாவது முத்திரை அரக்க உருக்குற சின்ன மெழுகுத்திரி ஸ்டாண்டு, ரொம்ப நல்லா இருக்கு. அப்பெல்லாம் கவர் அவ்வளவா கிடையாது, 1840க்கு முன்னாடி ஒரு தாள் கூடினாலே தபால் கட்டணமும் கூடும், அதனால கடுதாசியையே மடிச்சு அரக்கு வச்சு முத்திரை குத்திடுவாங்க, அந்த அரக்க உருக்கத்தான் இது. (அதுல சேர்ற ஷெல்லாக் நம்ம நாட்டு அரக்குப்பூச்சி தர்றதுதான், எனக்கு இதுல அது ஒரு தனி சந்தோஷம்.)

நடுத்தண்டுல மெழுகுத்திரிய நூல்கண்டு மாதிரி சுத்தி வச்சிருக்கும், மேல ஸ்பிரிங் வச்ச ஒரு கிளிப் திரியோட நுனியக் கவ்விப் பிடிச்சிருக்கும். எரிய எரிய இழுத்து விட்டுக்கணும், மறந்துட்டு எந்திரிச்சுப் போனாலும் நெருப்பு கிளிப் வரைக்கும் வந்து பெரும்பாலும் தானா அணைஞ்சிடும். சுடர் ரொம்பச் சின்னது, புகையும் கம்மி, அதனால சிவப்பு அரக்கு கருக்காம சுத்தமா சொட்டுது, சாதா மெழுகுவத்தியில இந்த நிறம் வரவே வராது.

வாங்கும்போது முதல்ல அந்த கிளிப்பத்தான் அழுத்திப் பாக்கணும். லூசா இருந்தா திரி நழுவி கீழ போயிரும், அப்புறம் அது ஷோகேசுல வைக்க மட்டும்தான் ஆகும். அடுத்து ஹால்மார்க். நடக்குற சிங்கம் இருந்தா ஸ்டெர்லிங், அதாவது 92.5 சதவீதம் வெள்ளி, சிறுத்தை தலை லண்டனுக்கு, ராஜா தலை வரி கட்டினதுக்கு அடையாளம். அந்த ராஜா தலை 1784 கடைசியிலதான் வந்துச்சு, என்னுதுல இருக்கு, ஸோ அதுக்கு அப்புறம் செஞ்சதுதான். அடித்தட்டுல மட்டும் பாத்துட்டு விட்றாதீங்க, கழட்டுற பாகத்துலயும் சிங்கம் இருக்கான்னு லென்ஸ் வச்சுப் பாருங்க, இல்லேன்னா பின்னாடி மாத்தினதா இருக்கலாம். ஓரத்துல செம்பு நிறம் எட்டிப் பாத்தா அது ஷெஃபீல்டு பிளேட், செம்பு மேல வெள்ளி ஒட்டினது, அதுவும் பழசுதான் அழகுதான், ஆனா ஸ்டெர்லிங் விலை குடுக்காதீங்க. ஆன்லைன்ல ஒருத்தர் அதையே சுத்த வெள்ளின்னு சொல்லி என்கிட்ட விக்கப் பாத்தாரு, எனக்கு செம கோவம்.

குளிர்காலத்துல புதுத் திரி சுத்தினா மெழுகு வெடிச்சு உதிருது, வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் போட்டு எடுத்தா நல்லா வளையும், துடைச்சிட்டு சுத்துங்க. ஒட்டின மெழுக கத்தியால சுரண்டவே வேண்டாம், வெந்நீர் போதும், பாலிஷும் அடிக்கடி போடாதீங்க, அந்த சிங்கம் தேஞ்சு போயிரும்.