பால்டர்ஸ் கேட் 2: ஆறு இடங்களும் பதினாறு துணைவர்களும்

பயோவேர் நிறுவனத்தின் உருவாக்கத்தில் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த பால்டர்ஸ் கேட் 2 என்ற கணினி விளையாட்டில், நாம் உருவாக்கும் நாயகனையும் சேர்த்து ஆறு பேருக்குத்தான் குழுவில் இடம் உண்டு. மிச்சமுள்ள ஐந்து இடங்களுக்குப் பதினாறு துணைவர்கள் போட்டியிடுகிறார்கள். வீரன், திருடன், மதகுரு, மந்திரவாதி என்ற நான்கு தொழில்களுக்கும் ஆளுக்கொருவரை எடுத்துக்கொண்டு, எஞ்சிய இடங்களை வாள்வீரர்களால் நிரப்பிவிட்டால் குழு சமநிலை அடைந்துவிடும் என்பதே இந்த விளையாட்டைத் தொடங்குபவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை. எட்டாம் நிலையை ஒட்டியே முடிந்துவிடும் முதல் பாகத்துக்கு அந்த அறிவுரை போதுமானது. இரண்டாம் பாகத்தில் அதை நம்பிப் போகும் குழு, அத்கட்லா நகரத்தின் முதல் பெரிய மந்திரவாதியைச் சந்திக்கும்போதே தடுமாறிவிடும்.

காரணம் எளிது. இந்த ஆட்டத்தில் தோல்விகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகின்றன. கற்தோல், பிம்பங்கள், மாய ஆயுதக் காப்பு என்று அடுக்கடுக்காகக் கவசம் பூண்டு நிற்கும் எதிரி மந்திரவாதியை நம் வாள்கள் தொடவே முடியாமல் போவது ஒன்று. இரத்தக் காட்டேரிகள் நம் நிலைகளை உறிஞ்சுவதாலும், மனத்தைத் தாக்கும் உயிரினங்கள் மயக்கத்தில் ஆழ்த்துவதாலும் நம்மவர்கள் உயிரோடு இருந்தும் பயனற்றுப் போவது மற்றொன்று. ஆகவே குழுவின் சமநிலையைத் தொழில்களின் எண்ணிக்கையால் அளக்காமல், இந்த இரண்டு ஆபத்துகளுக்கும் தலைக்கு இருவராவது பதில் சொல்ல முடிகிறதா என்பதைக் கொண்டு அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பதில் சொல்பவர் ஒருவர் மட்டுமே என்றால், அவர் மயங்கி விழுந்த மறு நொடியே போர் முடிந்துவிடுகிறது. துணைவர்களை அந்த அளவுகோலால்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

திருடனிலிருந்து தொடங்குவோம். பொறிகளைக் கண்டறிந்து செயலிழக்கச் செய்யவும் பூட்டுகளைத் திறக்கவும் ஒருவர் கட்டாயம் வேண்டும், ஆனால் ஒருவரே போதும். இந்த வேலையில் இரண்டாவது ஆள் வீண். இந்த ஒற்றை இடத்துக்கு யோஷிமோ, ஜான் ஜான்சன், நாலியா, இமோயன் ஆகிய நால்வர் போட்டியிடுகிறார்கள். நால்வரில் முழுநேரத் திருடர் யோஷிமோ ஒருவரே. மற்ற மூவரும் பாதித் திருடர், பாதி மந்திரவாதி. யோஷிமோ, கதையின் முதன்மை எதிரியான இரெனிகஸின் நிலவறையில், ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகிறார். முழு அனுபவமும் ஒரே தொழிலுக்குப் போவதால் அவரது திறன்கள் விரைவாக வளர்கின்றன. வெகுமதி வேட்டையாளர் என்ற அவரது உட்பிரிவுக்கே உரிய சிறப்புப் பொறிகளை அவர் முன்கூட்டி விரித்துவைத்தால், பெரிய எதிரிகளையும் வாள் உருவாமலே பாதி வீழ்த்திவிடலாம். இருந்தும் அவரைத் தேர்ந்தெடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். கதையின் முடிச்சொன்றை இங்கே அவிழ்த்தே ஆக வேண்டும்: நான்காம் அத்தியாயத்தில், ஸ்பெல்ஹோல்ட் என்ற சிறைமனையில், அவர் குழுவை விட்டுத் திரும்பி வராத வகையில் பிரிந்துவிடுகிறார். இரண்டு நீண்ட அத்தியாயங்களில் அவருக்குச் சேர்ந்த அனுபவப் புள்ளிகள் அத்தனையும் அவரோடு போய்விடுகின்றன.

அதே இடத்தில்தான் இமோயன் மீண்டும் கிடைக்கிறார் என்பதால், யோஷிமோவுக்குப் பின் இமோயன் என்ற வரிசையைத்தான் கதை நமக்குக் காட்டுகிறது. ஏழாம் நிலை வரை திருடராக வளர்ந்து, பிறகு மந்திரவாதியாக மாறியவர் இமோயன். அவரது திருட்டுத் திறன் அந்த ஏழாம் நிலையிலேயே உறைந்துவிட்டாலும் பெரும்பாலான பொறிகளுக்கும் பூட்டுகளுக்கும் அது போதும். ஆயினும் மற்றவர்கள் இரண்டு அத்தியாயங்களில் ஈட்டிய அனுபவத்தை அவர் ஈட்டவில்லை; பின்தங்கியே வந்து சேர்கிறார். நாலியாவின் நிலைமை இதைவிட மோசம். அவர் நான்காம் நிலையிலேயே திருட்டை விட்டவர். அவரை நல்ல மந்திரவாதி என்று சேர்க்கலாம், திருடர் என்று நம்பிச் சேர்க்கக் கூடாது.

ஜான் ஜான்சன் என்ற குள்ளரையே நான் முன்வைப்பேன். மாயத் தோற்றங்களில் தேர்ந்த மந்திரவாதியாகவும் திருடராகவும் ஒரே நேரத்தில் வளரும் அவர், இரண்டாம் அத்தியாயத்தில் அத்கட்லாவின் அரசுப் பகுதியிலேயே கிடைக்கிறார், இறுதி வரை உடன் வருகிறார். இரட்டைத் தொழில் என்பதால் புள்ளிகள் பாதியாகப் பிரிவது அவருடைய குறை. ஆறாம் படி மந்திரங்களுக்குத் தேவையான பன்னிரண்டாம் நிலையை எட்ட ஒரு தனி மந்திரவாதிக்கு 7,50,000 புள்ளிகள் போதும். ஜானுக்கு 15,00,000 வேண்டும். அதனால் அவரைக் குழுவின் ஒரே மந்திரவாதியாக வைப்பது சரியாகாது. திருட்டுத் திறன்களிலோ ஓர் எல்லைக்கு மேல் சேரும் புள்ளிகளால் பயனில்லை, எனவே அங்கே அவரது மெதுவான வளர்ச்சி நம்மைப் பாதிப்பதில்லை. திருடன் என்ற கட்டாயக் கடமையைத் தீர்த்து வைப்பதோடு, எதிரியின் மந்திரக் காப்புகளைக் கலைக்கும் இரண்டாவது கையாகவும் அவர் அமைந்துவிடுகிறார். ஓர் இடத்தில் இரண்டு கடமைகள் நிறைவேறுவதைவிடச் சிறந்த சமநிலை இந்த ஆட்டத்தில் இல்லை.

இனி மந்திரக் காப்புகளைக் கலைப்பது. இதில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் மந்திரவாதியே அல்லாத கெல்டோர்னுடையது. அத்கட்லாவின் கோயில் பகுதிக்கு அடியிலுள்ள கழிவுநீர்ச் சுரங்கத்தில் சந்திக்கும் இந்த முதிய பாலடின், அதாவது புனித வீரர், மந்திரவாதிகளை ஒடுக்கும் இன்குவிசிட்டர் பிரிவைச் சேர்ந்தவர். மந்திரத்தை நீக்கும் அவரது ஆற்றல், அவரது நிலையைப் போல் இரு மடங்கு நிலை கொண்டவர் ஏவியதைப் போலச் செயல்படும். நீக்கம் வெற்றி பெறுமா என்பதை ஏவுபவரின் நிலையே தீர்மானிப்பதால், கெல்டோர்ன் கை உயர்த்திய பிறகு தாக்குப்பிடிக்கும் காப்புகள் மிகக் குறைவு. மறைந்திருப்பவர்களைக் காட்டும் உண்மைப் பார்வையும் அவரிடம் உண்டு. இவற்றுக்கு விலையாக மதகுரு மந்திரங்களையும், இறவாப் பிணங்களை விரட்டும் ஆற்றலையும், கைதொட்டுக் குணமாக்கும் வரத்தையும் அவர் இழந்திருக்கிறார். ஒரு பாலடினிடம் அந்த இழப்புகள் பெரிதாகத் தோன்றலாம். இந்த ஆட்டத்தில் அவை மலிவான விலை. அவரது நீக்கம் நம்மவர்கள் மீதும் பாயும் என்பதை மட்டும் மறக்கலாகாது. நம் வீரர்களுக்குக் காப்பு மந்திரங்களை ஓதிவிட்டு அவர்கள் நடுவிலேயே அதை ஏவுவது, செய்த ஏற்பாட்டை நாமே கலைப்பதாகும்.

கெல்டோர்னுக்கு எதிரே நிற்பவர் எட்வின், சிவப்பு மந்திரவாதிகளில் ஒருவர். தனிப் பிரிவில் தேர்ந்தவர் என்பதாலும், அவர் அணியும் தாயத்தாலும், வேறு எந்தத் துணைவரையும்விட அதிக மந்திரங்களை ஒரே நாளில் மனத்தில் வைத்திருக்க முடியும். வெறும் தாக்குதல் வலிமையை அளந்தால் நாலியாவும் இமோயனும் அவர் அருகில் நிற்க முடியாது. ஆனால் அழைப்பு மந்திரங்களில் தேர்ந்தவர்களுக்குக் குறியறியும் பிரிவு மூடப்பட்டிருப்பதால், உண்மைப் பார்வை மந்திரம் எட்வினுக்குக் கிடையாது. எதிரி பிம்பங்களுக்குள்ளும் மறைவுக்குள்ளும் ஒளியும்போது, மந்திரங்கள் நிறைந்த எட்வினால் இலக்கைப் பிடிக்க முடியாமல் போகிறது. கெல்டோர்ன் அல்லது ஒரு நல்ல மதகுரு உடன் இருந்தால் இந்தக் குறை மறையும். இல்லாவிட்டால் நாலியாவே மேல்.

தனி மந்திரவாதி ஒருவர் கட்டாயம் வேண்டும் என்பதற்கு, இறந்தும் இறவாத மந்திரவாதிகளான லிச்சுகளே சாட்சி. ஐந்தாம் படி வரையிலான மந்திரங்கள் அவற்றைத் தொடுவதில்லை. காப்பு உடைக்கும் பிரீச் மந்திரமும் ஐந்தாம் படியில்தான் இருக்கிறது. அதற்கு மேற்பட்ட படிகளை விரைவில் எட்டும் ஒருவர் குழுவில் இல்லாமல் லிச்சை எதிர்கொள்வது, கையில் எதுவும் இல்லாமல் எதிர்கொள்வதற்குச் சமம். அத்கட்லாவில் மந்திரம் ஓதுவதற்கு, நகரில் மந்திரத்தைக் கட்டுப்படுத்தும் அங்கிபோர்த்த மந்திரவாதிகளிடம் 5,000 பொற்காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டியிருப்பதால், பணம் சேரும் வரை மந்திரவாதியைத் தள்ளிவைப்பவர்கள் உண்டு. அது தவறான சிக்கனம்.

இரண்டாவது ஆபத்துக்கு, அதாவது நிலை இழப்புக்கும் மனமயக்கத்துக்கும், பதில் மதகுருக்களிடம் இருக்கிறது. இங்கே அனோமன், விகோனியா, ஏய்ரி, ஜஹீரா ஆகியோரை ஒப்பிட வேண்டும். விகோனியாவின் ஞானம் 18. அதனால் அவருக்குக் கூடுதல் மந்திரங்கள் கிடைக்கின்றன. எதிரி மந்திரங்களைத் தாங்கும் இயல்பான தடுப்பாற்றலும் அவருக்கு உண்டு. ஆனால் கைவலிமை குறைவு. அனோமன் நேரெதிர். ஏழாம் நிலை வரை வீரராக இருந்துவிட்டு மதகுருவானவர் என்பதால் முன்வரிசையில் நின்று அடிபட முடியும், திருப்பி அடிக்கவும் முடியும். ஞானம் 12 மட்டுமே என்பதால் கூடுதல் மந்திரங்கள் இல்லை. அவரது சொந்தக் கதையை நல்வழியில் முடித்து, நைட் பட்டத்துக்கான சோதனையில் அவர் தேறினால் அந்த ஞானம் 16 ஆகிவிடுகிறது. அனோமனின் கதையை அலட்சியப்படுத்துபவர்கள் குழுவின் மதகுருவையே பலவீனப்படுத்துகிறார்கள் என்பதை இதனால்தான் வலியுறுத்துகிறேன். ஏய்ரி மதகுருவாகவும் மந்திரவாதியாகவும் ஒன்றாக வளர்பவர். இரண்டு வகை மந்திரங்களும் ஒருவரிடமே இருப்பது பெரும் வசதி, ஆனால் உடல்வலு குறைந்தவர், ஜானைப் போலவே அரை வேகத்தில் வளர்பவர். ஜானும் ஏய்ரியும் ஒன்றாக உள்ள குழுவில் இரண்டு அரை மந்திரவாதிகள் இருப்பார்கள், முழு மந்திரவாதி இருக்க மாட்டார்.

ஜஹீரா மதகுரு இடத்தை நிரப்புவார் என்று எண்ணுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் வீரராகவும், இயற்கையை வழிபடும் பூசாரியான டிரூயிட்டாகவும் ஒன்றாக வளர்பவர்; இழந்த நிலைகளை மீட்டுத் தரும் மந்திரங்கள் டிரூயிட்களுக்குக் கிடையா. கல்லறைப் பகுதியின் அடியில் உள்ள காட்டேரிகளின் இருப்பிடத்துக்குள் ஜஹீராவை மட்டும் நம்பி நுழைந்தால், பாதி வழியில் கோயிலுக்குத் திரும்பி ஓட நேரிடும். எனினும் அவரை விலக்க எனக்கு மனம் வராது. டிரூயிட்களுக்கே உரிய பூச்சிக்கூட்ட மந்திரம், கற்தோலையும் பொருட்படுத்தாமல் எதிரி மந்திரவாதியைச் சூழ்ந்துகொண்டு, அவர் ஓதுவதையே குலைத்துவிடும். ஆகவே ஜஹீரா முதல் ஆபத்துக்கான இன்னொரு பதில், கூடவே ஒரு முன்வரிசை வீரர். அவரை இரண்டாவது மதகுரு என்று கணக்கிடாமல், மந்திரவாதிகளை ஒடுக்கும் வீரர் என்று கணக்கிட்டால் அவருடைய இடம் நியாயமாகிறது. 2001இல் வந்த விரிவாக்கத்தில் அவரது வளர்ச்சி மந்தமாகும் என்பது உண்மை. டிரூயிட்டின் பதினைந்தாம் நிலைக்கு 30,00,000 புள்ளிகள் தேவைப்படுவதால், இரட்டைத் தொழில் கொண்ட அவருக்கு அது 60,00,000 ஆகிறது.

முன்வரிசை வீரர்களைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. சுத்தமான அடிதடிக்குக் கோர்கனே முதல்வர். அவரது வெறி நிலை மயக்கத்தையும் நிலை உறிஞ்சலையும் தடுப்பதால் காட்டேரிகளுக்கு எதிராக அவர் தனியாகவே நிற்பார். மேஸி நம்பகமானவர், மின்ஸ்க் அன்புக்குரியவர். ஆனால் ரேஞ்சர், அதாவது காடறிந்த வீரர், என்பதால் எந்த ஆயுதத்திலும் இரண்டு புள்ளிகளுக்கு மேல் தேர்ச்சி பெற மின்ஸ்கால் முடியாது.

திறமையை மட்டும் பார்த்துக் குழு அமைத்தால் இன்னொரு சிக்கல் எழும். இந்தத் துணைவர்களுக்குக் கொள்கைகள் இருக்கின்றன. கெல்டோர்னும் விகோனியாவும், மின்ஸ்கும் எட்வினும், ஏய்ரியும் கோர்கனும் ஒரே குழுவில் நெடுநாள் அமைதியாக இருக்க மாட்டார்கள். சச்சரவு வாளெடுக்கும் அளவுக்கும் போகும். குழுவின் நற்பெயர் உச்சத்தை நெருங்கினால் எட்வின், கோர்கன், விகோனியா போன்றவர்கள் விலகிவிடுவார்கள். கெல்டோர்னோடு எட்வினை வைப்பது திறமைக் கணக்கில் மிகப் பொருத்தமான இணை என்றாலும், நல்ல காரியங்கள் செய்யும் நாயகனுக்கு நற்பெயரைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டே இருப்பது ஓயாத வேலை. அந்த வேலை பிடிக்காதவர்கள் எட்வினுக்குப் பதில் நாலியாவை எடுப்பதே நல்லது.

ஆறு பேர் எதற்கு, நான்கு பேர் போதாதா என்ற வாதமும் வலுவானதே. கொன்ற எதிரிக்கான புள்ளிகள் குழுவினருக்குச் சமமாகப் பிரிக்கப்படுகின்றன. 12,000 புள்ளி தரும் எதிரியை வென்றால் ஆறு பேரில் ஒருவருக்கு 2,000, நான்கு பேரில் ஒருவருக்கு 3,000. நால்வர் குழு விரைவாக வளரும். ஆனால் அங்கே ஒவ்வொரு கடமைக்கும் ஒருவரே இருப்பார், மாற்று ஆள் இருக்க மாட்டார். விரிவாக்கம் இல்லாத இந்த ஆட்டத்தின் உச்சவரம்பு 29,50,000 புள்ளிகளே என்பதால், முன்கூட்டி எட்டிய உயரம் பின்னால் பெரிதாகக் கூடுவதுமில்லை. ஆட்டத்தை ஏற்கெனவே அறிந்தவருக்கு நால்வர் குழு பொருந்தும். முதன்முறை ஆடுபவருக்கு ஆறு பேரே பாதுகாப்பு.

ஆக, நாயகன் வாள்வீரன் என்றால் கெல்டோர்ன், ஜஹீரா, அனோமன், ஜான், நாலியா ஆகிய ஐவரை நான் தேர்வேன். நாயகனே மந்திரவாதி என்றால் நாலியாவின் இடம் மேஸிக்குப் போகட்டும். நாயகன் திருடன் என்றால் ஜானை விட்டுவிடலாம். ஆனால் காப்புகளைக் கலைக்கும் இரண்டாவது மந்திரக்கையும் அவரோடு போய்விடும் என்பதால், அந்த இடத்தில் இன்னொரு வாளை வைக்காமல், அனோமனுக்குத் துணையாக நிற்கும்படி ஏய்ரியை அமர்த்துங்கள்.