சேத்ரி ஜெர்சி அடித்த மாடிக்கடை: பிரிண்ட் அருமை, சைஸ் சொதப்பல்

மதுரையில் எந்தக் கடையில் கால்பந்து ஜெர்சிக்குப் பெயர் அடிக்கக் கொடுத்தாலும் முதல் கேள்வி "ஏழா, பத்தா?" என்றுதான் வரும், அதாவது ரொனால்டோவா, மெஸ்ஸியா என்று. டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் பெயர்ப்பலகைகூட இல்லாமல் மாடியில் இருக்கிற இந்தக் கடையில் "பதினொன்னு, சேத்ரி" என்றேன், இந்தியக் கால்பந்து அணியின் கேப்டனாக இருந்த சுனில் சேத்ரிதான். கடைக்கார அண்ணன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி, "இந்தியாவா, பெங்களூருவா?" என்று கேட்டார். இந்திய அணி, அவருடைய கிளப்பான பெங்களூரு எஃப்.சி. இரண்டுமே நீலம், இரண்டிலுமே அவர் 11தான். இதைத் தெரிந்து கேட்கிற ஆளிடம் துணிந்து கொடுக்கலாம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

கேட்டது அக்கா பையனுக்கு. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் சாயங்காலம் ஆடுகிறவன். நீல ஜெர்சி, முதுகில் தமிழில் சேத்ரி, நடுவில் 11, அதற்குக் கீழே சின்னதாக 94. சுனில் சேத்ரி 2024 ஜூன் 6ஆம் தேதி கொல்கத்தா சால்ட் லேக்கில் குவைத்துக்கு எதிராக ஆடி, கோல் இல்லாத டிராவில் இந்திய அணியிலிருந்து விடைபெற்ற சமயம் அது. நாட்டுக்காக 94 கோல். அன்றைய கணக்குக்கு உலகத்திலேயே ரொனால்டோ, அலி தாயி, மெஸ்ஸி மூவர்தான் அவருக்கு மேலே.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் ஒருவன், "எல்லாம் நேபாளம், மாலத்தீவுக்கு அடிச்சதுதானே ண்ணே" என்று கொளுத்திப் போட்டான். ஹீட் பிரஸ்ஸை அழுத்திக்கொண்டே அண்ணன் சொன்ன பதில்: "2011 ஆசியக் கோப்பையில பஹ்ரைனுக்கும் தென்கொரியாவுக்கும் அடிச்சாரே தம்பி, அது யாரு, ஒத்தக்கடை டீமா?" அந்த இரண்டு ஆட்டத்திலும் நாம் 2-5, 1-4 என்று வாங்கிக் கட்டிக்கொண்டோம் என்பதை அவர் நைசாக விட்டுவிட்டார், அது வேறு கதை. பையன் சொன்னதிலும் பாதி நிஜம் உண்டு. ஆனால் அந்த ஆசியக் கோப்பைக்கு நாம் போனதே 2008இல் ஆசிய அளவில் நடந்த ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பையை வென்றதால்தான், டெல்லியில் நடந்த அந்த இறுதியாட்டத்தில் தஜிகிஸ்தானுக்கு எதிராக ஹாட்ரிக் போட்டவர் இவர். 2005இல் குவெட்டாவில் பாகிஸ்தானோடு முதல் ஆட்டம், அதிலேயே கோல். 18 வருஷம் கழித்து பெங்களூருவில் அதே பாகிஸ்தானுக்கு ஹாட்ரிக். எதிரில் யார் நின்றாலும் இத்தனை வருஷம் ஓடி ஓடி அடிக்க இன்னொருத்தர் நம்மிடம் இருந்தாரா? 2018இல் சீன தைபேக்கு (தைவான் அணி) ஹாட்ரிக் அடித்தபோது மும்பை மைதானத்தில் மூவாயிரம் பேர்கூட இல்லை. "திட்டுறதா இருந்தாலும் நேர்ல வந்து திட்டுங்க" என்கிற மாதிரி வீடியோ போட்டுக் கேட்டார், அடுத்த ஆட்டத்துக்கு மைதானம் நிரம்பியது. அது அவருடைய நூறாவது ஆட்டம், கென்யாவுக்கு இரண்டு கோல்.

சரி, பிரிண்டுக்கு வருவோம். கோரல்டிரா என்கிற டிசைன் சாஃப்ட்வேரில் முதலில் அடித்தபோது சே எழுத்தின் கொம்பு தனியாகப் பிரிந்து ச-வுக்குப் பின்னால் போய் நின்றது. பல கடைகளில் இதை அப்படியே அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். இவர் பாமினி எழுத்துருவில் மறுபடி அடித்து, திரையில் பெரிதாக்கிக் காட்டி, நான் தலையாட்டிய பிறகுதான் பிலிமில் ஏற்றினார். சூட்டில் மையைத் துணிக்குள்ளேயே ஏற்றுகிற சப்ளிமேஷன் முறை அடர்நீலத் துணியில் பிடிக்காது, அதற்கு வெள்ளைத் துணியில் முழுசாக அடித்து அப்புறம் வெட்டித் தைக்க வேண்டும் என்று விளக்கி, பிலிமில் அச்சடித்துச் சூட்டில் துணிக்கு மாற்றுகிற டி.டி.எஃப். முறையில் போட்டார். சூட்டோடு பிலிமை உரிக்காமல் ஆறவிட்டு உரித்தார், திரும்ப ஒருமுறை லேசாக அழுத்தினார். எழுத்தின் ஓரம் பிசிறே இல்லை. உள்பக்கம் வெளியே திருப்பித் துவைக்கிறோம், பிரிண்ட் மேல் இஸ்திரி படுவதில்லை. இன்றுவரை விரிசல் கிடையாது.

குறை என்றால் துணி. எம் சைஸ் என்று கொடுத்தது எஸ் மாதிரிதான் இருந்தது, கக்கத்தில் பிடிக்கிறது என்று பையன் முதல் நாளே முனகினான். மாற்றிக் கேட்டால், பெயர் அடித்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார். நியாயம்தான், ஆனால் அடிப்பதற்கு முன் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கலாமே. நாளைக்கு ரெடி என்றால் நாலு நாள் ஆகும். போன் எடுக்கவே மாட்டார்.

இதற்கு நடுவில் நம்ம ஆள் ஓய்விலிருந்து திரும்பி வந்து, 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராகத் தலையால் முட்டி 95ஆவது கோலையும் போட்டுவிட்டார். ஜெர்சியில் 94! அண்ணனிடம் கொண்டுபோனால், "உரிச்சா தடம் தெரியும், மேல ஒட்டுனா அசிங்கமா இருக்கும், புதுசு ஒண்ணு போட்டுக்கங்க" என்று வியாபாரத்தையும் விடாமல் பேசினார். போட்டோம். எல் சைஸ், துணியோடு சேர்த்து 450 ரூபாய், இந்தத் தடவை போட்டுப் பார்த்தபிறகு. பழையது சின்னவனுக்குப் போய்விட்டது.

பிரிண்டுக்கு ஐந்துக்கு ஐந்து, துணிக்கு இரண்டரை. முடிந்தால் ஜெர்சியை வேறு இடத்தில் வாங்கிக்கொண்டு போய் எழுத்து மட்டும் இங்கே அடியுங்கள், வெளித்துணிக்கும் போட்டுக் கொடுக்கிறார். வண்டி நிறுத்த இடம் கிடையாது. சித்திரைத் திருவிழா சமயத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.