பார்மசிப் போத்தலா, முற்றத்து முருங்கையா?

கல்லடியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போன வருடம் நான்கு போத்தல்கள் நின்றன: மல்டிவிட்டமின், கல்சியம், மீன் எண்ணெய், முருங்கையிலைக் கெப்சூல். நாலாவதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும். குசினி ஜன்னலைத் திறந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் முருங்கைக் கொப்பு.

பயத்தில் வாங்கியவைதான் எல்லாம். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தது. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே இரத்தசோகைதான். டொக்டர் இரும்புச்சத்துக் குளிசை தந்தார். அளவு சரியாகி வந்த பிறகும், உடம்பில் இருப்புச் சேர வேண்டும் என்று இன்னும் மூன்று மாதம் போடச் சொன்னார். அது முடிந்ததும், "இனிச் சாப்பாட்டால பார்த்துக்கொள்ளுங்க" என்றார். நான் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பார்மசிக்குப் போனேன்.

குளிசைக்குரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுகிறேன். குறைபாடு வந்துவிட்டால் கீரையை நம்பி இருக்கக் கூடாது. 200 மில்லிகிராம் பெரஸ் சல்பேற் குளிசை ஒன்றில் ஏறத்தாழ 65 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. பச்சை முருங்கையிலை 100 கிராமில் 4 மில்லிகிராம் அளவுதான். ஒரு குளிசைக்கு ஈடாக ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இலை தின்ன வேண்டும், அதிலும் இலையில் உள்ள இரும்பை உடம்பு குறைவாகத்தான் எடுக்கும். பிள்ளை பெற நினைக்கிறவர்களுக்கு 400 மைக்ரோகிராம் போலிக் அமிலமும், மீன் முட்டை பால் எதுவும் தொடாதவர்களுக்கு பி12ம் அப்படித்தான், குளிசையாகவே வேண்டும். கிளினிக்கில் தாய்மாருக்குக் கொடுக்கும் திரிபோஷா குளிசைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் நிற்கிற பண்டம்: சோளமும் சோயாவும் சேர்ந்த மா, விட்டமினும் கனிமமும் மேலே கலந்தது.

ஆனால் நான் கேட்பது வேறு கேள்வி. வருத்தம் இல்லாத சாதாரண நாளில், உடம்பைச் சரியாக வைத்திருக்க எது? இங்கே நான் சட்டி பக்கம்தான்.

கெப்சூல் கணக்கைப் பாருங்கள். காய்ந்த முருங்கைத் தூள் 100 கிராமில் இரும்பு சுமார் 28 மில்லிகிராம். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஒரு கெப்சூலுக்குள் இருப்பது 500 மில்லிகிராம் தூள், அதாவது 0.14 மில்லிகிராம் இரும்பு. நாளுக்கு இரண்டு என்றாலும் 0.28. இரண்டு கைப்பிடி இலையைத் தேங்காய்ப்பூவும் மாசியும் போட்டுச் சுண்டினால் அதைப்போல பல மடங்கு கிடைக்கும், சோறும் இறங்கும். மீன் எண்ணெயும் அதே கதைதான். வழக்கமான 1000 மில்லிகிராம் கெப்சூலில் உண்மையான ஒமேகா 3 ஏறக்குறைய 300 மில்லிகிராம். சூடை மாதிரிக் கொழுப்புள்ள சின்ன மீன் 100 கிராமில் ஏறத்தாழ ஒரு கிராம். பொரித்துக் கருக்காமல் புளி விட்டுக் கறியாக்கினால் போதும். விலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிப் போத்தல் வாங்கிய எவருக்கும் தெரியும்.

இதெல்லாம் தாளில் உள்ள கணக்கு. என் முடிவை மாற்றியது பராமரிப்பு. எது மாதக்கணக்கில் விடாமல் நடக்கிறது என்பது.

அறுபது குளிசை உள்ள மல்டிவிட்டமின் போத்தல், நாளுக்கு ஒன்று என்றால் இரண்டு மாதத்தில் முடிய வேண்டும். எனக்கு ஐந்து மாதம் போனது! காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடும் அவசரத்தில் மறந்துபோகும், இரவில் நினைவு வரும், "நாளைக்குப் போடுவம்" என்று விட்டுவிடுவேன். மீன் எண்ணெய்க் கெப்சூல்கள் இந்த ஊர் வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. சோற்றை எவரும் மறப்பதில்லை. மதியம் பசிக்கும், சட்டியில் சுண்டல் இருந்தால் அது உள்ளே போகும்.

அதற்காகச் சட்டிக்கு வேலை இல்லை என்று நினைக்காதீர்கள். முருங்கையிலை உருவ இருபது நிமிடம் வேண்டும். "மச்சாள், இதையெல்லாம் உருவிக்கொண்டிருக்க உங்களுக்கு நேரம் இருக்கா?" என்று என் மச்சாள் கேட்டது நியாயமான கேள்வி. வீட்டில் ஒரு ஆளின் தலையில் மட்டும் இந்த வேலை விழுந்தால் இரண்டு கிழமையில் நின்றுவிடும். எங்கள் வீட்டில் கணவர் செய்தி பார்த்தபடி உருவுவார். ஞாயிறும் புதனும் என்று நாள் குறித்துக்கொண்டோம்.

பிளேன்ரீ இன்னொரு தொல்லை. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கிற பழக்கம் நமக்கு. அதில் உள்ள டனின், கீரையின் இரும்பைப் பாதிக்கு மேல் கூட உடம்பில் சேரவிடாது. இப்போது ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் குடிக்கிறேன். சுண்டலில் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். குளிசைக்கும் இதே விதிதான், அதை மட்டும் எவரும் பார்மசியில் எனக்குச் சொல்லவில்லை.

பிறகு மாரி. வாடைக் காற்றுக்குக் கடல் கொந்தளித்தால் தோணி இறங்காது, சூடை நெருப்பு விலை. அந்த மாதங்களில் முட்டை, பருப்பு, குரக்கன் ரொட்டி, முட்டித் தயிர் என்று ஓட்டுகிறேன். போத்தலுக்கு மாரி இல்லை, அது அதன் பலம்.

கல்சியத்தில் மட்டும் எனக்கு இன்னும் தடுமாற்றம். வயது 48, நாளுக்கு 1000 மில்லிகிராம் தேவை. தயிரும் நெத்தலியும் தின்கிற நாளில் கவலையில்லை, தின்னாத நாளும் உண்டு. ஆகவே அந்த ஒரு போத்தலை எறியவில்லை. இரும்புச்சத்துள்ள சாப்பாட்டோடு சேர்க்காமல் இரவில் போடுகிறேன். சாப்பாட்டுக்கு மாறி எட்டு மாதம்தான். கடைசிப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.4, அடுத்த மாரி தாண்டியும் அது நிற்குமா என்று பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் போடுகிறவர்கள் என்னைப் பார்த்துத் திடீரென்று கீரையைக் கூட்டாதீர்கள். கீரையின் விட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும், டொக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இன்று காலை மரத்தைப் பார்த்தேன். அடிமரத்தில் மயிர்க்கொட்டி கூட்டமாக ஏறத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு கிழமை விட்டால் இலை மிஞ்சாது. பின்னேரம் இரண்டு கொப்பை முறித்து, நிழலில் காயவைத்துத் தூளாக்கப் போகிறேன். மழைக்காலத்துச் சொதிக்கு ஒரு கரண்டி போட உதவும். வைக்கப் பழைய மல்டிவிட்டமின் போத்தல் இருக்கிறது.