எச்சா, டியா? ஸ்கிரீன் ரீடரில் பக்கம் தாவ இரண்டு வழிகள்

வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு பெங்களூரிலிருந்து திருநெல்வேலி பஸ் தேடுவது கண் தெரிந்தவர்களுக்கே பெரும்பாடு. எனக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள்தான் ஸ்கிரீன் ரீடர்; அதில் ஒன்றான என்விடிஏ படித்துச் சொல்வதைக் கேட்டுத்தான் டிக்கெட் எடுக்கிறேன். போன பொங்கலுக்கு முன்னால் ஒரே தேடலை இரண்டு தளங்களில் போட்டுப் பார்த்தேன்.

முதல் தளத்தில் ஒவ்வொரு பஸ் கம்பெனியின் பெயரும் தலைப்பாகக் குறிக்கப்பட்டிருந்தது. எச் என்பது அடுத்த தலைப்புக்குத் தாவும் விசை. அதைத் தட்டத் தட்ட பஸ் பஸ்ஸாகத் தாவலாம். பிடித்த பெயர் வந்தால் கீழ் அம்பு: நேரம், ஏறுமிடம், கட்டணம். வேண்டாமென்றால் மறுபடி எச். இரண்டாவது தளத்தில் அதே பெயர்கள் கண்ணுக்குக் கொட்டை எழுத்தாம். நிரலிலோ வெறும் எழுத்து. எச் தட்டினேன், பக்கத்தின் அடியில் இருந்த 'எங்களைப் பற்றி'யில் போய் விழுந்தேன். நடுவில் இருந்த அத்தனை பஸ்ஸும் போயே போச்சு.

அங்கே கைகொடுத்தது டி. அது லேண்ட்மார்க் விட்டு லேண்ட்மார்க் தாவும் விசை. மேல்பட்டை, மெனு, முக்கியப் பகுதி, அடிப்பட்டை என்று பக்கத்தைப் பெரிய துண்டுகளாகப் பிரிக்கும் குறிகள்தான் லேண்ட்மார்க்குகள். ஜாஸ் என்ற இன்னொரு ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு ஆர். அதில் நேரே முக்கியப் பகுதிக்குப் போக க்யூ. மெனுவையெல்லாம் தாண்டி டி என்னை முக்கியப் பகுதியின் வாசலில் விட்டது. உள்ளே நடப்பது என் பாடு. ஒரு பஸ்ஸுக்குப் பத்து வரி என்று அம்பை அழுத்தியே விரல் தேய்ந்தது.

பெங்களூர்க்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஜெயநகர் 4வது பிளாக் என்றால் ஆட்டோ வந்து சேர்ந்துவிடும். வீட்டைப் பிடிக்க எத்தனையாவது மெயின் ரோடு, எத்தனையாவது கிராஸ் ரோடு என்று தெரிய வேண்டும். லேண்ட்மார்க் பிளாக், தலைப்பு கிராஸ். (வலைப்பக்கத்தில் முக்கியப் பகுதியை 'மெயின்' என்பார்கள். அது பிளாக்குக்குச் சமமான சமாச்சாரம். நம் ஊர் மெயினோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

தலைப்புக்குப் பலம், அது விஷயத்தையே வாய்விட்டுச் சொல்லிவிடும். லேண்ட்மார்க் பெரும்பாலும் 'இது மெனு, இது முக்கியப் பகுதி' என்பதோடு சரி. தலைப்பில் 1 முதல் 6 வரை நிலைகளும் உண்டு. 2ஐ அழுத்தினால் இரண்டாம் நிலைத் தலைப்புகள் மட்டும் வரும். வலைத்தளங்கள் ஊனமுற்றோருக்கும் எட்ட வேண்டுமென்று வேலை செய்யும் வெப்எய்ம் அமைப்பு 2023 கடைசியில் தொடங்கி ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துபவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், நீளமான பக்கத்தில் ஒன்றைத் தேட 10 பேரில் சுமார் 7 பேர் தலைப்பு வழியாகத்தான் போவதாகச் சொன்னார்கள். லேண்ட்மார்க்கைச் சொன்னவர்கள் சொற்பம்.

ஆனால் தலைப்பைக் கெடுக்கிறவர்களும் அதிகம். எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டுமென்று கண்ட வரியையும் தலைப்பாக்கிவிடுவார்கள். செய்தித் தளங்களில் 'இதையும் படிக்க' என்பதெல்லாம் தலைப்பு. செய்தியின் நடுவே எச் தட்டினால் வேறெங்கோ கொண்டுபோய் விடும். லேண்ட்மார்க்கில் இந்த ஆபத்து குறைவு. அது வார்ப்புருவோடு வருவது. நிரலர் ஒரு தடவை ஒழுங்காகப் போட்டால் தளத்தின் எல்லாப் பக்கத்திலும் அதே இடத்தில் இருக்கும். 2014இல் வலைப்பக்கம் எழுதும் மொழியின் ஐந்தாம் பதிப்பான எச்டிஎம்எல் 5 அதிகாரப்பூர்வத் தரமான பிறகு அதற்கென்றே குறிச்சொற்களும் வந்துவிட்டன. அப்படியும் நாலு மெனு வைத்து ஒன்றுக்கும் பெயர் வைக்காத புண்ணியவான்கள் உண்டு. 'நேவிகேஷன், நேவிகேஷன்' என்று கேட்டுக்கொண்டே போக வேண்டியதுதான்.

தமிழ்ப் பக்கங்களில் இன்னொரு சிக்கல். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்காவிட்டால் ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலிலேயே படிக்கப் பார்க்கும். சில ஆங்கிலக் குரல்கள் தமிழ் எழுத்தை அப்படியே விழுங்கிவிடும்; 'ஹெடிங் லெவல் 2' என்று மட்டும் கேட்கும், தலைப்பு கேட்காது. லேண்ட்மார்க்கின் வகைப்பெயரைச் சொல்வது ஸ்கிரீன் ரீடரே என்பதால் அது தப்பித்துவிடும். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் முக்கியப் பகுதியில் நின்று என்ன செய்வது என்பது வேறு கதை.

படிவம் நிரப்ப இரண்டுமே வேண்டாம், எஃப் போதும்.

புதுப் பக்கம் என்றால் நான் முதலில் 1, அப்புறம் எச். நாலைந்து தட்டிலும் உருப்படியாக ஒன்றும் வராவிட்டால் டி. வழக்கமாகப் போகும் தளத்தில் தலைகீழ்: டி தட்டி முக்கியப் பகுதிக்குப் போய், அங்கிருந்து எச். பொங்கல் டிக்கெட்டை முதல் தளத்தில்தான் எடுத்தேன். இரண்டாவதில் ஐம்பது ரூபாய் குறைவாக இருந்திருக்கலாம். கடைசி பஸ் வரை கேட்கப் பொறுமை இல்லை.