ஒன்பது டிசம்பர், ஒரு தமாலேரா

டெக்சாஸின் சான் அன்டோனியோவுக்குக் குடிவந்த முதல் கிறிஸ்துமஸுக்கு, பக்கத்து வீட்டு அம்மா அலுமினியத் தாளில் சுற்றிய சூடான பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்தால் ஒரு டஜன் தமால்: மக்காச்சோள மாவுக்குள் இறைச்சி வைத்து, மக்காச்சோள மடலில் பொதிந்து அவித்த மெக்சிகோக் கொழுக்கட்டை. 1976-இல் இதே ஊரின் அலமோ கோட்டைக்குத் தேர்தல் பிரசாரத்துக்கு வந்த அமெரிக்க அதிபர் ஜெரால்டு ஃபோர்டு, தமாலை மடலோடு கடித்துவிட்டார். ஊர்க்காரர்கள் அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் தப்பித்தேன். இலைக் கொழுக்கட்டை தின்று வளர்ந்தவளுக்கு உரித்துத் தின்ன யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டே நாற்பது டாலருக்கு ஒரு தமாலேரா வாங்கினேன். தமால் அவிக்கும் பானைக்கு இங்கே அதுதான் பெயர். முப்பது லிட்டர் கொள்ளளவு, மெல்லிய அலுமினியம், அடியிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் ஒரு துளைத்தட்டு, மேலே சாதாரண மூடி. குழித்தட்டு இல்லாத பெரிய இட்லிக் கொப்பரை என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதுவரை ஒன்பது டிசம்பர் உழைத்திருக்கிறது. வாங்கலாமா என்று கேட்கும் தோழிகளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

குறைகளை முதலில் சொல்லிவிடலாம். தட்டுக்குக் கீழே பிடிக்கும் தண்ணீர் ஒரு மணி நேரத்துக்குக்கூடப் போதாது. பானை நிறைய அடுக்கிய தமால் வேக ஒன்றரை மணி நேரம் ஆகும். இது தெரியாமல் முதல் முறை அடுப்பில் ஏற்றிவிட்டு வீட்டைக் கூட்டப் போய்விட்டேன். ஐம்பதாவது நிமிடத்தில் அடி காய்ந்து புகைந்தது. அந்தப் புகை ஆறு டஜனிலும் ஏறிவிட்டது. விருந்தாளிகள் பெருந்தன்மையானவர்கள், "விறகடுப்பு மணம்" என்று சொல்லிக்கொண்டே தின்றார்கள்.

மறுநாள் பக்கத்து வீட்டு அம்மா வந்து கருகிய அடியைப் பார்த்தார். திட்டவில்லை. பையைத் துழாவி ஒரு பெசோ நாணயத்தை எடுத்துப் பானைக்குள் போட்டார். "காசு பேசிக்கொண்டிருந்தால் தண்ணீர் இருக்கிறது, மிஹா. பேச்சு நின்றால் ஓடிவா." மிஹா என்றால் மகளே. கொதிக்கும் நீரில் காசு அடியில் தட்டித் தட்டிக் கடகடவென்று ஒலிக்கும். நீர் வற்றினால் அடங்கிவிடும். அதன்பிறகு ஒருமுறைகூட அடிபிடிக்கவில்லை. பக்கத்து அடுப்பில் வெந்நீரைத் தயாராக வைத்திருங்கள். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஆவி அடங்கி மாவு சொதசொதவென்று நின்றுவிடும்.

பானையின் உட்புறம் இரண்டாம் ஆண்டிலேயே கறுத்துவிட்டது. அலுமினியத்தில் கடினநீர் கொதித்தால் அப்படித்தான் ஆகும். சுவைக்குக் கெடுதல் இல்லை. புளியோ தக்காளியோ போட்டு அதில் எதையும் சமைக்காதீர்கள், ஆவிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் அது நுழையாது. கொல்லையில் குழாய் போட்டுத்தான் கழுவுகிறேன். மற்ற பதினொரு மாதமும் கராஜில் அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

உண்மையில் பானை பாதி வேலைகூடச் செய்வதில்லை. தமால் தேறுவதும் தேறாததும் மாவில் இருக்கிறது. 'மாசா' என்று சொல்லும் அந்த மாவு நம் ஊர் மக்காச்சோள மாவு அல்ல. அதில் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் ஒட்டவே ஒட்டாது. முற்றிய மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவைத்து, தோலைக் கசக்கிக் கழுவிய பிறகு அரைக்கிறார்கள். நிக்ஸ்டமால் செய்யும் அந்த முறை மெக்சிகோவிலும் நடு அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கிறது. தமால் என்ற சொல்லே அஸ்டெக் மக்களின் நாவாட்டில் மொழியிலிருந்து வந்ததுதான். சுண்ணாம்பு பட்டால்தான் மாவுக்குப் பசை வரும். தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினும் அப்போதுதான் உடம்பில் சேரும். ஐரோப்பியர்கள் மக்காச்சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். வட இத்தாலியில் அதையே தின்று வாழ்ந்த ஏழைகளுக்கு, நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் வந்தது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட உற்சாகத்தில் நான்காம் ஆண்டு நானே செய்து பார்த்தேன். ஒரு கிலோ உலர்ந்த சோளத்துக்குப் பத்து கிராம் சமையல் சுண்ணாம்பு. முக்கால் மணி நேரம் கொதித்ததும் வீடு முழுக்க ஒரு மணம். என் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தது போல இருந்தது. மறுநாள் ஊரிலிருந்து சுமந்துவந்த வெட் கிரைண்டரில் போட்டேன். கல் சுற்ற வேண்டுமானால் தண்ணீர் விட்டாக வேண்டும், தண்ணீர் விட்டால் மாவு தோசைப் பதத்துக்கு இளகிவிடுகிறது. கடைசியில் கடையில் விற்கும் உலர்மாவை இரண்டு கிண்ணம் கலந்து கெட்டியாக்கினேன். மணம் அபாரம். ஆனால் இரண்டு நாள் உழைப்பு. ஒருமுறை செய்து பார்க்க வேண்டியதுதான். ஆண்டுதோறும் என்றால் நான் இல்லை.

இப்போது ஈரமாவை அரைவை நிலையத்தில்தான் வாங்குகிறேன். இங்கே அதை மொலினோ என்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் விடியற்காலையிலேயே வாசலில் வரிசை நிற்கும். கொழுப்பும் உப்பும் கலந்த மாவு, கலக்காத மாவு என்று இரண்டு வகை உண்டு. கலக்காததைக் கேட்டு வாங்குங்கள். மொலினோ இல்லாத ஊர்க்காரர்களுக்கு உலர்மாவுப் பொட்டலமே போதும். தமாலுக்கு என்று அச்சிட்ட கொரகொரப்பான வகையைப் பார்த்து எடுக்க வேண்டும். ரொட்டிக்கான நைஸ் மாவில் தமால் களி போல இறுகிவிடும்.

ஐந்து கிலோ ஈரமாவுக்கு ஒன்றேகால் கிலோ பன்றிக்கொழுப்பு, ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக இறைச்சி வேகவைத்த சாறு, உப்பு, கொஞ்சம் பேக்கிங் பவுடர். இது எங்கள் தெருவின் கணக்கு. முதலில் கொழுப்பைத் தனியாக வெண்மையாகப் பொங்கும்வரை அடிக்க வேண்டும், பிறகுதான் மாவு. போதுமா என்று பார்க்க, ஒரு குளிர்ந்த தண்ணீர்க் குவளையில் கோலிக்குண்டு அளவு மாவைப் போடுவார்கள். மிதந்தால் சரி. மூழ்கினால் இன்னும் அடி. முதல் ஆண்டு கையால் அடித்தேன். நாற்பது நிமிடம் கழித்தும் குவளைக்குள் கல் போல இறங்கியது. இப்போது மிக்சர் இயந்திரத்தில் நான்கு பங்காகப் பிரித்து அடிக்கிறேன்.

எங்கள் வீட்டில் பாதிப் பேர் சைவம். கொழுப்புக்குப் பதிலாக நல்லெண்ணெய் ஊற்றிய ஆண்டை நினைக்கவே கூச்சமாக இருக்கிறது. இளகிய எண்ணெயில் காற்று நிற்காது. எவ்வளவு அடித்தாலும் மாவு மிதக்காது. அன்று அவிந்து வந்தவை மடலோடு ஒட்டிக்கொண்ட மஞ்சள் கட்டிகள். வெண்ணெய் நன்றாக வருகிறது, ஆனால் அதன் மணம் சோளத்தை அமுக்கிவிடுகிறது. எனக்குக் கைகொடுத்தது தேங்காயெண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்து நிற்கும் என்பதால் டிசம்பர் காலையில் ஹீட்டரைக் குறைத்துவிட்டு அடித்தால் பன்றிக்கொழுப்பைப் போலவே பொங்குகிறது. வாசனை நீக்கியதை வாங்குங்கள். உள்ளே சுட்டு உரித்த பொப்லானோ மிளகாய்க் கீற்றும் பாலாடைக்கட்டியும். பக்கத்து வீட்டு அம்மா முதல் கடியில் முகத்தைச் சுளிக்கத் தயாராகத்தான் இருந்தார். இரண்டாவதை அவரே எடுத்துக்கொண்டார்.

மிளகாய் விஷயத்தில் நம் ஆட்கள் அனைவரும் ஒரே தவறைச் செய்கிறோம். வற்றல் மிளகாய் என்றால் காரம் என்று கை தானாகக் குறைத்துவிடுகிறது. நான்கு கிலோ பன்றித் தோளிறைச்சிக்கு குவாஹில்யோ வற்றல் இருபதும் ஆன்ச்சோ வற்றல் பத்தும் போட வேண்டும் என்றபோது எனக்கு வியர்த்தது. குவாஹில்யோ நிறத்துக்கு, ஆன்ச்சோ கனத்துக்கு. ஆன்ச்சோ என்பது பழுத்துக் காய்ந்த பொப்லானோதான். உலர்திராட்சை மணம் வரும், காரம் மிகக் குறைவு. விதையை உதறிவிட்டு வெறும் கல்லில் மணம் எழும்வரை சில நொடி புரட்டி எடுத்து, வெந்நீரில் ஊறவைத்து, பூண்டும் சீரகமும் சேர்த்து அரைத்து வடிகட்டுவார்கள். தாளிப்புக்குக் கறுக்க விடும் பழக்கத்தில் விட்டுவிட்டால் குழம்பு முழுதும் கசந்துபோகும். ஒருமுறை குவாஹில்யோ தீர்ந்துபோய் ஊர் குண்டு மிளகாயில் பத்தைச் சேர்த்தேன். அந்தத் தமால்களை என் தம்பி மட்டும் கண்ணீரோடு தின்று முடித்தான்.

மடலை ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, வழவழப்பான பக்கத்தில் மாவைத் தடவ வேண்டும். வரிவரியான பக்கத்தில் தடவினால் உரிக்கும்போது ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு கரண்டி இறைச்சி, இரு ஓரத்தையும் மூடி, வாலை மடித்து, திறந்த வாய் மேலே பார்க்கும்படி பானையில் நிறுத்துவார்கள். சொல்வதற்கு எளிது. ஒன்பது டஜனைத் தனியாளாகச் செய்தால் இடுப்பு போய்விடும். அதனால்தான் இங்கே யாரும் தனியாகச் செய்வதில்லை. தமாலாதா என்று நாள் குறித்து அத்தை, சித்தி, பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அம்மா தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த ஆண்டு அந்த மேசையில் அவரையும் உட்காரவைத்தேன். ஸ்பானிய மொழியில் ஒரு சொல் தெரியாது. பக்கத்து வீட்டு அம்மா தடவுவதைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு கரண்டியை ஒதுக்கிவிட்டு விரல் நுனியைத் தண்ணீரில் தொட்டு, பூவரச இலையில் மாவு தட்டும் அதே வீச்சில் மடலில் தட்டினார். மாவு தாள் போல ஓரம் வரை பரவியது. பேரப்பிள்ளைகள் கைதட்டினார்கள். "இதற்கு இவ்வளவு பெரிய பானையா?" என்றார் அம்மா என்னிடம். அம்மா என்ன சொன்னார் என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். மொழிபெயர்த்தேன். "வீட்டில் எத்தனை பேர் என்று கேள்" என்றார்.

பானை வாங்க நினைப்பவர்களிடம் எனக்கும் அதே கேள்விதான். மூன்று பேர், நான்கு பேர் என்றால் வேண்டாம். வீட்டில் இருக்கும் இட்லிக் கொப்பரையில் குழித்தட்டை எடுத்துவிட்டு ஒரு துளைத்தட்டைப் போட்டால் பதினைந்து தமால் நிற்கும். இருபது பேர் வந்துபோகும் வீடு என்றால் வாங்குங்கள், ஆனால் தடித்த அடியுள்ள எஃகுப் பானையாக வாங்குங்கள். விலை இரண்டு மடங்கு. என் அலுமினியப் பானை ஓட்டையாகும்வரை நான் மாற்றப்போவதில்லை என்பது வேறு கதை.

டிசம்பர் 16 முதல் 24 வரை போசாதா என்ற கிறிஸ்துமஸ் முன்கொண்டாட்ட நாட்கள்; மாலையில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் கையில் சூடாக ஏதாவது கிடைக்கும். கரும்பும் கொய்யாவும் இலவங்கப்பட்டையும் கொதிக்கும் போன்ச்சே, சோள மாவில் சாக்லேட் கரைத்துக் காய்ச்சும் சம்புராதோ. இரண்டையும் செய்திருக்கிறேன். இரண்டிலும் சேரும் பிலோன்சியோ நம் அச்சுவெல்லத்தின் உடன்பிறப்பு என்பதால் பெரிய வித்தை ஒன்றும் தேவைப்படவில்லை. புன்யுவேலோ மட்டும் இன்னும் வசப்படவில்லை. அவர்கள் அதை அப்பளம் போல மெல்லியதாகப் பொரிக்கிறார்கள். என்னுடையது பூரியாகிவிடுகிறது.

ஜனவரி 6-இல் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு ரோஸ்கா என்ற வளைய ரொட்டியை வெட்டுவார்கள். உள்ளே குட்டிக் குழந்தை இயேசு பொம்மை இருக்கும். யார் துண்டில் வருகிறதோ அவர் பிப்ரவரி 2-இல் எல்லோருக்கும் தமால் செய்து போட வேண்டும். இந்த முறை என் மகன் கடித்த துண்டில் வந்தது. அவனுக்கு ஏழு வயது. பக்கத்து வீட்டு அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு எத்தனை டஜன் என்று விரலில் எண்ணத் தொடங்கினார். அரிசி மூட்டையை மறுபடி கீழே இறக்க வேண்டும்.